பயிற்சிக் காலத்துக்குக் கூலி யார் கொடுப்பது?



வேலை இழந்த தொழிலாளிக்கு அரசு செலவில் வேறொரு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற யோசனைக்கு இந்த நாட்டில் எதிரியே கிடையாது. ஆலை அதிபர்களின் சங்கம் அதை வரவேற்கிறது, தொழிற்சங்கம் வரவேற்கிறது, எந்தக் கட்சி ஆண்டாலும் பட்ஜெட் உரையில் திறன் பயிற்சிக்கு ஒரு பத்தி நிச்சயம் உண்டு. இப்படி ஊரே ஒத்துக்கொண்ட காரியம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் உருப்படவில்லை என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். பதிலைக் கடைசிவரை ஒளித்துவைக்கத் தேவையில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். பயிற்சி என்றால் அரசின் கணக்கில் வகுப்பறை, பயிற்றுநர், கருவி, சான்றிதழ். தொழிலாளியின் வீட்டுக் கணக்கில் பயிற்சி என்றால் சம்பளம் வராத ஆறு மாதம். முதல் கணக்குக்கு மானியம் இருக்கிறது. இரண்டாவது கணக்கை யாரும் எழுதவே இல்லை. கற்றுக்கொடுப்பவருக்குப் போகிற பணத்தில் பெரும்பங்கு கற்றுக்கொள்பவருக்குப் போனால் ஒழிய மறுபயிற்சி என்பது காகிதத்திலேயே இருக்கும் என்பது என் வாதம்.

இதை மதுரையில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1892இல் ரயில் நிலையத்துக்கு அருகே ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்லை ஊர் இன்றும் ஹார்வி மில் என்றுதான் சொல்கிறது. 1974இல் அது மதுரா கோட்ஸ் ஆன பிறகும் பேச்சில் பெயர் மாறவில்லை. அந்த ஆலைத் தொழிலாளிகளுக்காக எழுந்த ஹார்விபட்டி திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஒரு முழு ஊராகவே நிற்கிறது. இன்னொரு பக்கம் கருமுத்து தியாகராசர் வளர்த்த மீனாட்சி மில். சங்கு ஊதும் நேரத்தை வைத்து வீடுகளில் உலை வைத்த நகரம் இது. அந்த மீனாட்சி மில்லின் பெயரில்தான் ஆட்குறைப்பு பற்றிய இந்தியாவின் மிக முக்கியமான வழக்குகளில் ஒன்று இருக்கிறது. பெரிய ஆலைகள் ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த 25-என் பிரிவு செல்லுமா, செல்லாதா என்பது கேள்வி. செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1992இல் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற மாணவர்கள் நாடு முழுக்க அந்தத் தீர்ப்பை மீனாட்சி மில் தீர்ப்பு என்றே படிக்கிறார்கள்.

அதே 1992 பிப்ரவரியில் டெல்லியில் இன்னொரு காரியம் நடந்தது. தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்றை மத்திய அரசு அமைத்தது. முந்தைய ஆண்டு ஜூலையில் மன்மோகன் சிங் தமது முதல் பட்ஜெட்டில் அறிவித்த நிதி அது. தாராளமயத்தால் தொழில்கள் மாறும், ஆட்கள் வெளியே போவார்கள், அவர்களுக்கு இழப்பீடும் மறுபயிற்சியும் மறுவேலையும் இந்த நிதியிலிருந்து கிடைக்கும் என்பது வாக்குறுதி. உலக வங்கியின் பணமும் அதில் சேர்ந்தது. ஆக, ஒரே ஆண்டில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். அனுமதி இல்லாமல் வெளியே அனுப்பாதே என்றது ஒன்று. அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது மற்றொன்று. இரண்டாவது பதில் தன் சொல்லைக் காப்பாற்றியிருந்தால் முதல் பதிலின் தேவையே மெல்லக் குறைந்திருக்கும். நடந்தது வேறு. நிதியின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே, அதாவது வி.ஆர்.எஸ்.ஸுக்கே, போயிற்று. மறுபயிற்சிக்கு விழுந்தது சிந்தல், சிதறல். 2000ஆம் ஆண்டில் நிதியையே கலைத்துவிட்டார்கள். புதுப்பிக்க வந்த நிதி, ஆளை வெளியே அனுப்புகிற செலவைப் பங்குபோட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

அதற்கு முன்பே பஞ்சாலைகளுக்கென்று ஒரு திட்டம் இருந்தது. 1986 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம். நிரந்தரமாக மூடப்பட்ட தனியார் ஆலையின் தொழிலாளிக்கு முதல் ஆண்டு சம்பளத்துக்கு ஈடாக 75 சதவீதம், இரண்டாம் ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25. இதற்குப் பின்னால் இருந்த எண்ணம் நல்ல எண்ணம். படிப்படியாகக் குறைந்துவரும் உதவி, அதற்குள் மனிதன் வேறு காலில் நிற்கட்டும் என்ற கணக்கு. வேறு பதிவுபெற்ற நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் உதவி நின்றுவிடும் என்ற விதியும் இருந்தது. ஆனால் வேறு கால் எங்கே என்பதற்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை. பணம் இருந்தது, பயிற்சி இல்லை. 2017இல் அதை இ.எஸ்.ஐ.யின் வேலையிழப்பு உதவித் திட்டத்தோடு இணைத்தார்கள்.

புதுப்பிப்பு நிதி போன பிறகு 2001-02இல் மத்தியப் பொதுத்துறை ஊழியர்களுக்கு மட்டும் ஆலோசனை, மறுபயிற்சி, மறுபணியமர்த்தல் என்ற திட்டம் வந்தது. அதில் 2007இல் செய்த ஒரு திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அரசு தன்னையறியாமல் உண்மை பேசிய இடம் அது. வி.ஆர்.எஸ். வாங்கியவர் பயிற்சிக்கு வர விரும்பாவிட்டால் அவரைச் சார்ந்திருப்பவர் ஒருவர் அந்த இடத்தில் பயிற்சி பெறலாம். அப்பாவுக்குப் பதில் மகன். அப்பா ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், அவர் கிடைத்த தொகையில் கடனை அடைத்துவிட்டு மறுநாளே ஏதோ ஒரு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார் என்ற பதில் வந்திருக்கும். பயிற்சிக்கு உட்கார அவருக்கு நேரமில்லை. நேரத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் நாட்டிலேயே பெரியது. அதில் பயிற்சிக் கட்டணம் மையத்துக்குப் போகிறது. தேர்வு பெற்றவர் கையில் வைக்கத் திட்டமிட்ட தொகை 500 ரூபாய். அந்த 500கூடப் போய்ச் சேர்ந்ததா? 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 95 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. அவற்றில் சுமார் 90 லட்சம் பேரின் வங்கிக் கணக்கு விவரம் இருக்க வேண்டிய கட்டத்தில் சுழியமோ வெற்றிடமோதான் இருந்தது. இதை ஊழல் என்று மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கட்டணம் வாங்குகிறவரின் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் அன்றைக்கே திருத்தப்பட்டிருக்கும். பயிற்சி பெறுபவரின் கணக்கு எண் யாருக்கும் தேவைப்படவில்லை. பணம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்தத் திட்டம் நினைத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு தொழிலாளியின் கையைச் சற்று அருகில் பார்க்கலாம். நூற்பாலையில் ரிங் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்பவரை சைடர் என்பார்கள். ஒரு பக்கம் முழுக்க நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கோ ஒன்றில் இழை அறும். சைடர் அந்த ஒரு கதிரை மட்டும் பிடித்து நிறுத்தி, பாபினிலிருந்து நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் மாட்டி, மேலே உள்ள கொக்கி வழியாக ஏற்றி, ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சோடு விரல் நுனியால் ஒட்டிவிட வேண்டும். சில நொடிகளில் முடியும். பக்கத்துக் கதிர்கள் நிற்காது. இருபது ஆண்டு இதைச் செய்தவருக்கு இழை எங்கே அறுந்தது என்பது கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும். இந்தத் திறமைக்கு ஆலைக்கு வெளியே சல்லிக்காசு விலை இல்லை. அதே ஆலையின் ஃபிட்டருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ அப்படியில்லை. கப்பலூர் சிட்கோவிலோ கோ.புதூர் தொழிற்பேட்டையிலோ ஏதாவது ஒரு பட்டறை எடுத்துக்கொள்ளும். ஆகவே பயிற்சி தேவைப்படுகிறவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. சைடர், டாஃபர், வைண்டிங்கில் இருக்கும் பெண், கார்டிங்கில் பஞ்சுத் தூசியை விழுங்கிய மனிதர். இவர்கள் சாதாரணமாக நாற்பதைத் தாண்டியவர்கள். அகமதாபாத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டபோது இப்படிப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று டச்சு அறிஞர் ஜான் பிரெமன் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். பெரும்பாலோர் கூலி வேலைக்கும் தெருவோர வியாபாரத்துக்கும் இறங்கினார்கள். வருமானம் வெகுவாக விழுந்தது. பிள்ளைகளின் படிப்பு நின்றது. கற்கத் தெரியாததால் அப்படி ஆகவில்லை. நூறு மீட்டர் நீளத்துக்குப் பரவி ஓடுகிற இயந்திரங்களைக் காதால் மேய்த்த மனிதருக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை புரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவருக்கு நம் ஊரில் கதவு எப்படித் திறந்திருக்கிறது? அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில், சேர ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு வரம்பு இல்லை, அதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் நாற்பத்தோரு வயதில் ஆட்குறைப்பில் வெளியே வருகிற ஆண் கோ.புதூர் ஐ.டி.ஐ. வாசலில் நுழைய முடியாது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களையும் இளைஞர்களையும் நோக்கியது. இளைஞருக்கான திட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முதன்முதலாக வேலை தேடுபவருக்குக் கற்றுக்கொடுப்பதும், இருந்த வேலை போனவருக்குக் கற்றுக்கொடுப்பதும் வெவ்வேறு காரியங்கள். முன்னவருக்குப் பின்னால் ஒரு வீடு அவரைத் தாங்குகிறது. பின்னவரே அந்த வீட்டைத் தாங்குகிறவர்.

இப்போது புதிய சட்டம். தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்திருக்கிறது. மீனாட்சி மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த முன் அனுமதி விதி, 100 பேர் வேலை செய்யும் ஆலையிலிருந்து 300 பேர் வேலை செய்யும் ஆலைக்கு உயர்த்தப்பட்டுவிட்டது. மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகளில் எத்தனையோ இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பவை. இதற்கு ஈடாக அந்தச் சட்டம் தருவது தொழிலாளர் மறுதிறன் நிதி. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் அந்தத் தொகை தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். நாளொன்றுக்கு 600 ரூபாய் வாங்குபவர் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய். இதோடு வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. தரும் அடல் திட்டத்தில், தகுதி இருந்தால், பாதிச் சம்பளம் 90 நாளுக்கு, அதுவும் ஆயுளில் ஒரே ஒரு முறை: 27,000. இரண்டையும் கூட்டினால் 36,000 ரூபாய். அவருடைய பழைய சம்பளத்தில் இது 60 நாள். சட்டம் அந்த 9,000க்கு மறுதிறன் என்று பெயர் வைத்திருக்கிறது, எதைக் கற்க, எங்கே கற்க, யார் கற்றுத்தர என்று ஒரு வரி இல்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு நல்ல அம்சம் தெரிகிறது. பணம் தொழிலாளியின் கணக்குக்கு நேராகப் போகிறது. திசை சரி. அளவுதான் கேலிக்கூத்து.

அளவும் திசையும் சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். இந்த ஊரில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். தங்குமிடம் உண்டு, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு, முடித்ததும் அங்கேயே வேலை உண்டு. கண் பரிசோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை அந்த மருத்துவமனை நடப்பது இவர்கள் கையில்தான். 1992இல் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரித்து உலகம் பூராவும் அனுப்புகிறது. விவசாயக் குடும்பத்துப் பெண்களை நுண்ணிய மருத்துவ வேலைக்குத் தயார்செய்ய முடியும் என்பதை இந்த நகரம் ஐம்பது ஆண்டுகளாக நிரூபித்துக்கொண்டிருக்கிறது. வேலை இழந்தவர்களுக்கான ஏற்பாடு அல்ல அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அமைப்பில் உள்ள மூன்று கூறுகளைக் கவனியுங்கள்: கற்கும்போது சாப்பாட்டுக்கு வழி, கற்றுக்கொடுப்பவரே வேலை கொடுப்பவர், கற்கும் பொருள் நாளைக்கே கைக்கு வரும் வேலை. அரசுத் திட்டங்களில் இந்த மூன்றும் ஒன்றாக இருப்பதைக் காண்பது அரிது.

மூன்றும் சேர்ந்திருப்பது அரிது, ஆனால் முதல் கூறு மட்டும் ஓரிடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தன் உறுப்பினர்களுக்கு நடத்தும் ஒரு வாரத் திறன் பயிற்சியில், இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 800 ரூபாய் கொடுக்கிறது. ஒரு வாரம் என்பது சொற்பம். கொள்கை சொற்பமில்லை. வகுப்பில் உட்காரும் கொத்தனாருக்கு அன்றைய கூலி போகிறது என்பதை ஒரு அரசு அமைப்பு ஏற்று, அதற்குப் பணமும் எடுத்துவைத்திருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்று வசூலிக்கும் தீர்வையிலிருந்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இனி மறுப்புகள். வலுவானதை முதலில் எடுக்கிறேன். மறுபயிற்சியே பயன் தராது, அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அங்கே 1962 முதல் ஒரு திட்டம் இருந்தது. அதை ஆராய்ந்து 2012இல் வந்த மதிப்பீடு, பயிற்சிக்குப் போனவர்கள் நான்கு ஆண்டு கழித்தும் போகாதவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. விஸ்கான்சினில் ஜேன்ஸ்வில் என்ற ஊர்; 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை நின்றது. அங்கும் கல்லூரிக்குப் போய் மறுபயிற்சி பெற்றவர்கள், போகாதவர்களைவிடக் குறைந்த சம்பளத்தில் இருந்தார்கள் என்று ஏமி கோல்ட்ஸ்டைன் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகமே எழுதினார். இந்தச் சான்றுகளை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் ஜேன்ஸ்வில்லில் நடந்தது என்ன? ஊரில் வேலையே இல்லாதபோது எல்லோரையும் ஒரே நேரத்தில் வகுப்பறைக்கு அனுப்பினார்கள். அவர்கள் படித்துக்கொண்டிருந்தபோது படிக்காதவர்கள் மிச்சமிருந்த வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பில் இருக்கும் நாள் வேலை தேடாத நாள் என்பது எளிய கணக்கு. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கார்ட், க்ளூவ், வெபர் என்ற மூன்று பொருளியலாளர்கள், பயிற்சியின் பலன் முதல் ஆண்டில் கண்ணுக்கே தெரிவதில்லை, இரண்டு மூன்று ஆண்டு கழித்தே தெரிகிறது என்கிறார்கள். பலன் தாமதமாக வருகிறது என்றால், அதுவரை காத்திருக்க முடிந்தவருக்கே அது கிடைக்கும். காத்திருக்கும் சக்தியை யார் கொடுப்பது என்ற என் கேள்வியைத்தான் இந்தச் சான்றுகளும் எழுப்புகின்றன.

உதவித்தொகை கொடுத்தால் அதற்காகவே வந்து உட்காருவார்கள் என்பது அடுத்த மறுப்பு. உட்காருவார்கள். அரசுப் பள்ளியில் மதிய உணவு போட்டபோதும் சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சு இந்த மாநிலத்தில் இருந்தது. வந்தவர்கள் படித்தார்கள். போலி வருகைப் பதிவைத் தடுக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை. மேலே சொன்ன தணிக்கை அறிக்கையைப் பார்த்தால், போலித்தனம் அதிகம் விளைவது பயிற்சி மையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் இடத்தில்தான். தொழிலாளி தன் வருகைக்கான கூலி வரவில்லை என்றால் அன்றைக்கே சத்தம் போடுவார். அவரைவிடச் சிறந்த தணிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே சங்கடம் தரும் மறுப்பு. இ.எஸ்.ஐ., பி.எஃப்., கிராஜுவிட்டி உள்ள ஆலைத் தொழிலாளி ஒப்பீட்டளவில் கொடுத்துவைத்தவர். செங்கல் சூளையில், பட்டாசுக் கொட்டகையில், ஜவுளிக்கடையில் வேலை இழப்பவருக்கு ஆட்குறைப்பு என்ற சட்டப் பெயர்கூடக் கிடையாது. அவருக்கு இல்லாத சலுகை இவருக்கு எதற்கு? நியாயமான கேள்வி. பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமிருந்து தொடங்குவது நிர்வாகத்துக்கு எளிது என்பதைத் தவிர இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் வழியாக அமைப்புசாரா தொழிலாளியையும் பதிவு செய்யும் பழக்கம் 1982ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருக்கிறது. கட்டுமான வாரியத்தில் நடக்கும்போது மற்ற வாரியங்களில் நடக்காது என்று சொல்வதற்கு முகாந்திரம் இல்லை.

மதுரையில் வேலையே இல்லை, எதற்குப் பயிற்சி என்பது மதுரைக்காரர்களின் மறுப்பு. பாதி சரி. பயிற்சி வேலையை உண்டாக்காது; அதற்குத் தொழிற்கொள்கை வேண்டும், அது வேறொரு மாலைக்கான பேச்சு. ஆனால் பஞ்சாலை வேலை இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே அப்ரண்டிஸ் என்ற கணக்கில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு கழித்துத் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி வேலை வாங்கிய சுமங்கலித் திட்டக் கதை உங்களுக்குத் தெரியும். சைடரை அங்கே எடுத்துக்கொள்ளாதது அவருக்குத் தொழில் தெரியாததால் அல்ல. அவருக்குத் தொழிலும் தெரியும், சட்டமும் தெரியும், சம்பளமும் அதிகம் என்பதால். பயிற்சி என்ற போர்வையில் மலிவு உழைப்பை வாங்குவதை ஒரு கை அனுமதித்துக்கொண்டு, வேலை இழந்தவருக்குப் பயிற்சி தருவதாக இன்னொரு கை சொல்வது நகைப்புக்குரியது. அப்ரண்டிஸ் விதிகளை ஒழுங்காக அமல்படுத்தினாலே மறுபயிற்சி தேவைப்படுவோரின் எண்ணிக்கை குறையும்.

காலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஆலை மூடும்போது தொழிலாளியை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பாமல், இடைக்காலத்துக்கு என்றே அமைக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாற்றும் வழி உண்டு. அதிகபட்சம் 12 மாதம் அங்கே அவர் ஊழியர். நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67, அரசு கொடுக்கிறது. அந்த நாட்களில் பயிற்சி. 2014இல் அங்கே போஹும் (Bochum) என்ற நகரத்து ஓப்பல் கார் ஆலை மூடியபோது இப்படித்தான் மாற்றினார்கள். எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் அப்படி மாறியவர் ஆலை மூடிய நாளிலேயே யாருடைய ஆளும் இல்லை என்ற நிலையில் நிற்கவில்லை. இங்கே எதிர்மாறான காட்சி காளையார்கோவிலில் இருக்கிறது. தேசிய ஜவுளிக் கழகத்தின் காளீஸ்வரர் மில் பி பிரிவும், பரமக்குடி அருகே கமுதக்குடியின் பயனியர் ஸ்பின்னர்ஸும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. ஓடவும் இல்லை, சட்டப்படி மூடவும் இல்லை. தொழிலாளிகள் பெயர் பதிவேட்டில் இருந்தது, வேலை இல்லை, முழுச் சம்பளம் இல்லை. ஆட்குறைப்பு ஆகாததால் மறுபயிற்சித் திட்டத்துக்கும் தகுதி இல்லை. ஒரு மனிதர் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள மிக வசதியான காலம் அதுதான்: சம்பளத்தில் ஒரு பங்கு வருகிறது, நாள் முழுக்கக் கை சும்மா இருக்கிறது. அந்த ஆண்டுகளை அப்படியே வீணாக்கினோம்.

செலவுக்கு வருகிறேன். ஆட்குறைப்புக்கு உள்ளான ஆயிரம் பேருக்கு, நாளொன்றுக்கு 400 ரூபாய் உதவித்தொகை, 150 பயிற்சி நாட்கள் என்று கணக்கிட்டால் ஆறு கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனமாக்கிய திட்டத்தின் மதிப்பு சுமார் 2,877 கோடி. பெரும்பங்கு அந்த நிறுவனத்தின் பக்கமிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிலையத்துக்குச் சராசரி 40 கோடி என்று வைத்தால், அந்தத் தொகையில் ஆறாயிரம் பேருக்கு மேல் ஆறு மாதம் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியில் உட்காரவைக்கலாம். ஐ.டி.ஐ.க்களுக்கு ரோபோ வாங்க முடிகிற மாநிலத்துக்கு இது பெரிய தொகை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் வரும் வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. மறுதிறன் நிதியில் முதலாளியின் 15 நாள் பங்கு தவிர, உரிய அரசு விதிக்கும் பிற வழிகளிலிருந்தும் பணம் சேரலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டு ஆலைகளைப் பொறுத்தவரை உரிய அரசு என்பது பெரும்பாலும் மாநில அரசுதான். கட்டுமானத் தீர்வையைப் போல ஒரு சிறு தீர்வையை விதித்து, அதை அந்த நிதியில் சேர்த்து, வாரியத்தின் 800 ரூபாய் முறையில் வருகைக்குக் கூலியாகப் பட்டுவாடா செய்ய விதி எழுதலாம்.

தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு வார்த்தை. ஆட்குறைப்பு நேரத்தில் சமரச அதிகாரி முன்னிலையில் போடும், பழைய சட்டத்தில் 12(3) என்று சொன்ன, ஒப்பந்தங்களில் பேரம் முழுவதும் மொத்தத் தொகையைச் சுற்றியே நடக்கிறது. ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளம், கருணைத் தொகை இவ்வளவு. கடைசி மூன்று மாதத்தில் ஷிப்டு நேரத்திலேயே வாரம் இரண்டு நாள் சம்பளத்தோடு பயிற்சி என்ற ஒரு ஷரத்தைக் கேட்டுப் பாருங்கள். முதலாளிக்கு அது மொத்தத் தொகையைக் கூட்டிக் கொடுப்பதைவிட மலிவு, ஆகவே கிடைக்க வாய்ப்பு அதிகம். அரசிடம் கேட்க வேண்டியதில் முதலாவது, ஐ.டி.ஐ. சேர்க்கையில் ஆட்குறைப்புச் சான்று கொண்டுவரும் ஆணுக்கு 40 வயது வரம்பைத் தளர்த்துவது. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அடுத்த சேர்க்கைக்கு முன்பே அது வரலாம்.